பிழை யாருடையது?

கல்லூரி அன்னையின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய நாம் சங்க இலக்கியத்தினின்றோ சமய நூல்களினின்றோ ஒரு பொருளை எடுத்து விரித்துரைப்போம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். முன்னைய மலர்களைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்களும் தமிழாசிரியர் பக்கத்தில் அத்தகைய பொருளையே கண்டிருப்பர். ஆயினும் இம்முறை நாம் எழுதப் புகுந்தது, கணினி ஒன்று பழுதுற்ற கதையை. அதனை இம்மலரிலேயே எழுதித் தீர்க்கவேண்டிய கடன் ஒன்று எமக்கு உண்டு. அக்கடன் யாதென்பது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

எமக்கும் கணினிக்கும் உறவு ஏற்பட்ட வரலாறு மிகச் சிறிது. நாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்று தராதரப் பத்திரம் பெற்றது தமிழ் கற்பித்தற்கேயன்றிக் கணினி ஆளுதற்கன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய மாணவர் அனைவரின் பெயர்களையும் அவர்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளையும் இணையத்திலே தொகுத்து வைக்கப் பழைய மாணவர் சங்கம் தீர்மானித்தது. அதற்கென ஒரு கணினி மாத வாடகைக்கு எடுக்கப்பட்டது. இணையத்தளத்தைத் தாங்கி நிற்கும் இத்தகைய கணினியை வழங்கி என்பர். பேச்சு வழக்கிற் சேர்வர் என்பர். அதனை அமைத்துத் தந்த பழைய மாணவர் தொழில் நிமித்தம் கடல் கடந்து சென்றார். தமிழ்ப் பெயர்களைத் தட்டச்சுச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த எமது கையிலே அதன் சாவி வந்து சேர்ந்தது. இரவுகளில் விழித்திருந்து, தவறுகள் பல செய்து, ஒருவாறு அதனை ஆளக் கற்றுக்கொண்டோம்.

கணினித் துறை அறியாத அன்பர்கள் பொருட்டு, அவ்வழங்கி தொழிற்படும் முறையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். எமது கல்லூரிக் காரியாலயத்தையே உவமையாகக் கொள்வோம். வாயிலிலே ஒரு காவலாளர் அமர்ந்திருக்கிறார். வருவோர் கேட்பது அச்சிட்டு அடுக்கி வைத்த துண்டுப்பிரசுரமாயின், அதனைத் தாமே எடுத்துக் கொடுத்துவிடுவார். பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரவேண்டியதாயின், உள்ளேயிருக்கும் இலிகிதரிடம் ஒரு சிறு யன்னல் வழியாக அவ்விண்ணப்பத்தை நீட்டுவார். இலிகிதர் எழுதித் தருவதை வாங்கி வந்தவரிடம் ஒப்படைப்பார். எமது வழங்கியிற் காவலாளராய் இருப்பது என்ஜின்எக்ஸ் என்னும் செய்நிரல். இகோர் சிசோயெவ் என்னும் உருசிய நாட்டவர் 2004 ஆம் ஆண்டிலே பொதுவாக வெளியிட்டது. இலிகிதராய் இருப்பது பி.எச்.பி. என்னும் மொழியை இயக்கும் எவ்.பி.எம். என்னும் செய்நிரல். பி.எச்.பி. மொழியோ 1994 ஆம் ஆண்டிலே ராஸ்மஸ் லேர்டோர்வ் என்பவர் தமது சொந்தப் பக்கத்துக்கெனத் தொடங்கி, 1995 ஆம் ஆண்டிலே பிறருக்கும் வழங்கியது. எவ்.பி.எம். அம்மொழியோடு அதிகாரமுறையாகச் சேர்க்கப்பட்டது 2010 ஆம் ஆண்டிலாகும். இவ்விருவருக்கும் இடையிலுள்ள யன்னலைச் சொக்கெற் என்று அழைப்பர். அதுவும் கணினியுள்ளே ஒரு கோப்பின் பெயரோடுதான் இருக்கும். இந்த யன்னலே எமது கதைக்கு மூலம்.

2025 ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை. மலருக்கான நினைவுக் குறிப்புகளை இணையத்தின் மூலம் அனுப்புதற்கு மறுநாள் நள்ளிரவே இறுதி நேரம் என அறிவித்திருந்தோம். வழங்கியிலுள்ள உபுண்டு என்னும் பணிசெயல் முறைமை 22.04 ஆம் பதிப்பு. அந்த எண் அது வெளிவந்த ஆண்டையும் மாதத்தையும் குறிப்பது. அஃதாவது 2022 சித்திரை. அதற்குப் பின் வந்த 24.04 ஆம் பதிப்புக்கு மாறும்படி வழங்கி எமக்குப் பல நாளாய் நினைவூட்டிக்கொண்டிருந்தது. இறுதி நாளுக்கு முந்திய இரவிலே அதனைச் செய்தல் ஆகாதென்பது அறிவுடையோர்க்கு விளங்கும். எமக்கு அன்று அது விளங்கவில்லை. எல்லாவற்றையும் புதுக்கிவிட்டு நிம்மதியாய் இருப்போம் என்ற ஆசையே மேலோங்கியது.

இரவு ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை ஒன்பதரை மணிக்கு முடிந்தது. முடியுந் தறுவாயிலே வழங்கி ஒரு கேள்வி கேட்டது: பயனற்றுப்போன பழைய பொதிகளை அகற்றிவிடலாமா என்று. பட்டியலைப் படித்துப் பாராமலே ஆம் என்று விடையிறுத்தோம். வழங்கி ஒருமுறை அணைந்து எழுந்தது. கல்லூரித் தளத்தின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். நந்திக்கொடியும் கல்லூரி முகப்பும் வழமைபோற் காட்சியளித்தன. மனநிறைவோடு படுக்கைக்குச் சென்றோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. கனடாவின் ரொறன்ரோ நகரிலே அப்போது சனிக்கிழமை இரவு எட்டு மணி. பேசியவர் எண்பதைத் தாண்டிய பழைய மாணவர் ஒருவர். கண்பார்வை மங்கி வருவதால், தாம் படித்த காலத்து விடுதி வாழ்க்கையைப் பேர்த்தியாருக்குச் சொல்லச் சொல்ல அவர் எழுதி வைத்திருந்தார். அதனை அவர் பக்கத்திலே தட்டச்சுச் செய்து அனுப்புந்தோறும் ஏதோ ஓர் எண் தோன்றி எல்லாம் மறைந்து போயிற்றாம். "மாஸ்ரர், மூன்று தரம் முயன்று பார்த்தோம். எங்கள் பள்ளிக்கூடம் எங்களை மறந்துவிட்டதோ தெரியவில்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சிரிப்பு எமது நெஞ்சைச் சுட்டது.

எழுந்து பார்த்தோம். பதிவுப் பக்கத்தை அழுத்தினால் வெண்மையான பக்கத்தில் 502 என்னும் எண்ணும், வாயில் பழுது எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களும் தோன்றின.

இவ்விடத்திலேதான் நாம் வழுக்கினோம். கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இத்தளத்துக்குத் தொண்டனாய் உதவி வந்தான். படத்தொகுதிப் பக்கத்தைத் திருத்தி ஏற்றுவது அவன் பணி. முதனாள் இரவு பதினொன்று இருபதுக்குப் புதிய பக்கத்தை ஏற்றிவிட்டதாக அவன் வாட்ஸ்அப் குழுவிலே எழுதியிருந்தான். அதனைக் கண்டவுடனே வழக்கு முடிந்தது போலவும் தீர்ப்பு எழுதுவதே எஞ்சியது போலவும் எமக்குத் தோன்றிற்று. மலர்க்குழுவினரும் அவன் தோழர்களுமாக இருபது பேருக்கு மேற்பட்டோர் பார்க்கும் அந்தக் குழுவிலே, "நள்ளிரவிலே கைவைக்கும்படி உன்னை யார் சொன்னது? முதியவர் ஒருவரின் உழைப்பு உன்னாலே வீணாயிற்று" என்று எழுதினோம். எழுதியதோடு அமையாது, வழங்கியினுள் நுழைவதற்கு அவனுக்கிருந்த அனுமதியையும் நீக்கினோம்.

அவன் விடை உடனே வந்தது. "சேர், நான் ஏற்ற முதலே 502 வந்ததோ தெரியாது, ஏற்றின பிறகு பார்க்க அப்படித்தான் இருந்தது. நான்தான் பிழைவிட்டேன் என்று நினைத்துப் பழைய பிரதியைத் திருப்பி வைத்தேன். அப்பவும் அதே பிழைதான். ஆனால் முன்பக்கம் திறக்கிறது, சேர். இரண்டு மணி வரை பார்த்தேன். பிழைப் பதிவேட்டைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் ஒருக்கால் பாருங்கோ."

நோய் முழுவதையும் தெளிவாகக் காட்டும் குறிப்புகள் இச்சில வாக்கியங்களில் அடங்கியிருந்தன. பழைய பிரதியை வைத்த பின்பும் பிழை நீங்கவில்லையெனின், அப்பிரதி காரணமன்று. முன்பக்கம் திறக்கிறதெனின், காவலாளர் விழித்திருக்கிறார். இலிகிதரிடம் செல்வனவே தடைப்படுகின்றன. இவற்றை நாம் நின்று நிதானித்துப் படித்தோமல்லோம். "எதிர்த்துப் பேசவேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலையில் இறங்கினோம்.

இறங்கியவுடன் செய்தது யாதெனின், வழங்கியை அணைத்து எழுப்பியதே. பயனில்லை. மீண்டும் ஒருமுறை அணைத்து எழுப்பினோம். அப்போதும் பயனில்லை. மணி ஏழாயிற்று. கோயிற் காண்டாமணி ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்தோம்.

அப்போது எமது இளமைக்காலத்து நினைவொன்று எழுந்தது. 1990களிலே யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், செய்தி கேட்பதற்குத் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து பிறக்கும் மின்னால் வானொலியை இயக்கியதை எம் வயதினர் மறந்திரார். ஒருநாள் வானொலி பேசவில்லை. சிறுவனாகிய நாம் திருகாணியைக் கழற்றி வானொலிப் பெட்டியைத் திறக்க முற்பட்டோம். அயல்வீட்டு அப்பு தடுத்தார். "பெட்டியைத் திறவாதே, தம்பி. முதல் டைனமோவிலை பல்ப்பைக் கொழுவிப் பார். பல்ப் எரிஞ்சால் டைனமோ சுகம், பிழை இங்காலை. எரியாட்டில் பிழை அங்காலை" என்றார். பல்ப்பு எரிந்தது. பின்னர் வயரின் மறு நுனியிலே கொழுவினோம், எரியவில்லை. இடையில் வயர் அறுந்திருந்தது. ஒரு முடிச்சோடு வேலை முடிந்தது. நடுவிலே நின்று பார்த்து, பிழை எப்பக்கம் என அறிந்து, அப்பக்கத்தை மீண்டும் நடுவாக்கிப் பார்க்கும் அம்முறையை அப்பு எந்தக் கல்லூரியிலும் கற்றவரல்லர்.

அம்முறையையே கைக்கொண்டோம். எமது மேசைக் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். என்னும் வழியாக வழங்கியினுள் நுழைந்தோம். அங்கே படங்களுமில்லை, அழுத்தும் பொத்தான்களுமில்லை. கறுத்த திரையில் ஒரு குறி துடித்துக்கொண்டு நிற்கும். நாம் ஒரு கட்டளையை எழுத்துப் பிசகாமல் எழுதினால் அது விடை சொல்லும். ஒரு புள்ளி குறைந்தாலும் விளங்கவில்லை என்று சொல்லிவிடும். தமிழாசிரியருக்கு அது பழக்கமான இடமே.

முதலிற் காவலாளரின் நிலையைக் கேட்டோம். இயங்குகிறார் என விடை வந்தது. அடுத்து, அவர் எழுதி வைக்கும் பிழைப் பதிவேட்டின் கடைசி இருபது வரிகளைக் காட்டும்படி கேட்டோம். ஒரே செய்தி வரிதோறும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. அதன் பொருள் இது: "பி.எச்.பி. 8.1 எவ்.பி.எம். என்னும் சொக்கெற்றைத் தொடர்புகொள்ள முயன்றேன். அப்பெயரில் ஒரு கோப்பு இல்லை." மாணவன் காலையிலே பார்க்கும்படி வேண்டிய பதிவேடு இதுவே.

யன்னல்கள் இருக்கும் அறையைப் பார்த்தோம். அங்கே 8.1 என்னும் பெயரில் ஒன்றுமில்லை. 8.3 என்னும் பெயரில் ஒரு யன்னல் திறந்திருந்தது. உண்மை வெளியாயிற்று. உபுண்டு 22.04 இல் இருந்த பி.எச்.பி. 8.1 ஆம் பதிப்பு. 24.04 இல் வருவதோ 8.3. பணிசெயல் முறைமையை நாம் மாற்றியபோது புதிய இலிகிதர் பக்கத்து அறையிலே வந்து அமர்ந்துவிட்டார். பழைய பொதிகளை அகற்றலாமா என்ற கேள்விக்கு ஆம் என்றபோது பழைய இலிகிதரை நாமே வீட்டுக்கு அனுப்பி, அவர் யன்னலையும் அடைத்துவிட்டோம். காவலாளருக்கு இச்செய்தியை ஒருவரும் சொல்லவில்லை. அவர் இரவு முழுவதும் அடைத்த யன்னலைத் தட்டித் தட்டி, வந்தோரை எல்லாம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதற் பிழை எப்போது எழுதப்பட்டது என்று பதிவேட்டை மேலே புரட்டினோம். 16 மணி 31 நிமிடம் என்றிருந்தது. சனிக்கிழமை பிற்பகல் நாலரை மணியா? அப்போது நாமும் கைவைக்கவில்லை, மாணவனும் கைவைக்கவில்லையே என்று மயங்கினோம். பின்னர் வழங்கியிடமே நேரத்தைக் கேட்டோம். அதன் மணிக்கூடு உலகப் பொது நேரத்தைக் காட்டியது. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. ஆகவே முதற் பிழை நிகழ்ந்தது இரவு பத்து மணி ஒரு நிமிடத்துக்கு. ரொறன்ரோவிலே அது நண்பகல் கழிந்து அரைமணி. பெரியவரின் முதல் முயற்சி அதுவாதல் வேண்டும். மாணவன் தன் பக்கத்தை ஏற்றிய நேரத்தையும் கோப்புப் பட்டியலிலே பார்த்தோம். உலகப் பொது நேரம் 17 மணி 50 நிமிடம். அஃதாவது இரவு பதினொன்று இருபது. அவன் சொன்ன நேரமே அது. அவன் கைவைப்பதற்கு ஒரு மணி பத்தொன்பது நிமிடத்துக்கு முன்னரே வழங்கி பழுதுற்றிருந்தது. அதற்கும் அரைமணி முன்னர், முன்பக்கத்தை மாத்திரம் பார்த்துவிட்டு மனநிறைவோடு படுக்கைக்குச் சென்றவர் நாம்.

அவ்வரியைக் கண்டபின் சிறிது நேரம் ஒன்றும் செய்ய ஓடவில்லை. கறுத்த திரையிலே வெண்மையான எழுத்துகளால் எமது பெயரே எழுதப்பட்டிருந்தது போலிருந்தது.

எனினும் நள்ளிரவு வரையே அவகாசம். முதலிற் காவலாளரின் அமைவுக் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தோம். பின்னர் அதிலே 8.1 என்றிருந்ததை 8.3 எனத் திருத்தினோம். திருத்திய கோப்பை நடைமுறைக்குக் கொண்டுவருமுன் அதனைச் சோதித்துச் சொல்லும்படி என்ஜின்எக்ஸையே கேட்கலாம். கேட்டோம். இலக்கணம் சரி, சோதனை வெற்றி என இரண்டு வரிகளில் விடை வந்தது. கணினியும் இலக்கணம் என்னும் சொல்லையே ஆள்வது எமக்கு ஒருவகை ஆறுதல். மீளப் படிக்கும்படி கட்டளையிட்டோம்.

பதிவுப் பக்கத்தை மறுபடியும் அழுத்தினோம். அது திறக்கவில்லை. ஆனால் எண் மாறியிருந்தது. 502 போய் 500 வந்திருந்தது. முன்பாயின் மனம் சோர்ந்திருப்போம். அப்புவின் பல்ப்பு நினைவுக்கு வந்ததால் மகிழ்ந்தோம். ஐந்நூறின் வரிசையில் வரும் எண்கள் பிழை வழங்கியின் பக்கத்தது என்பதைக் காட்டுவன. 502 என்பது, காவலாளர் உள்ளேயிருந்து தக்க விடை பெறவில்லை என்பது. 500 என்பது எமது நிலையிலே, விண்ணப்பம் இலிகிதர் கைக்குப் போய்ச் சேர்ந்தும் அவர் எழுத முடியாமல் திகைத்தார் என்பது. பிழை ஓர் அறை உள்ளே நகர்ந்துவிட்டது.

மீண்டும் பதிவேடு. இம்முறை செய்தி வேறு: பதிவுப் பக்கத்தின் 38 ஆம் வரியிலே 'எம்.பி. சப்ஸ்ரிங்' என்னும் செயற்கூறு அழைக்கப்படுகிறது. அப்படி ஒன்று எனக்குத் தெரியாது என்று பி.எச்.பி. முறையிட்டிருந்தது. இதனைப் படித்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, நாணமும் வந்தது. அந்த 38 ஆம் வரியை எழுதியவர் நாமே.

அவ்வரியின் கதை தமிழோடு தொடர்புடையது. பழைய மாணவர் பெயர்களை முதலெழுத்து வரிசையில் அடுக்குவதற்காகப் பெயரின் முதலெழுத்தை எடுக்கும்படி முன்பு ஒரு வரி எழுதினோம். எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புச் சாய்சதுரத்தினுள் ஒரு வினாக்குறி தோன்றியது. காரணம் யாதெனில், பி.எச்.பி.யின் சாதாரணச் செயற்கூறுகள் எழுத்தை எண்ணுவதில்லை. பைற்று என்னும் சிற்றலகையே எண்ணுகின்றன. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைற்றில் அடங்கும். யுனிக்கோட்டின் யு.ரி.எவ். 8 முறையிலே தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்ளும். 'அம்மா' என்னும் சொல்லை எண்ணும்படி சாதாரணச் செயற்கூறிடம் சொன்னால் 15 என்று சொல்லும். 'எம்.பி.ஸ்ரிங்' என்னும் துணைப்பொதியிலுள்ள செயற்கூறு, அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் எனக் குறியீடுகளை எண்ணி 5 என்று சொல்லும். எமது இலக்கணம் அறிந்த சிறுவனோ அ, ம், மா என 3 என்று சொல்லுவான். 'இன்ரல்' என்னும் பிறிதொரு துணைப்பொதியிலே அச்சிறுவனைப் போல எண்ணும் செயற்கூறும் உண்டு. எமக்குப் பெயரின் முதற் குறியீடு கிடைத்தாற் போதும். கா, கி, கோ யாவும் ககரத்தின் கீழே வந்து அமர்ந்துவிடும். ஆகவே எம்.பி.ஸ்ரிங் பொதியை நிறுவி அவ்வரியைத் திருத்தினோம்.

நிறுவியபோதுதான் தவறு நேர்ந்தது. பிற பொதிகளை எண் குறியாத பொதுப்பெயராலே நிறுவியிருந்தமையால் அவை புதிய பதிப்போடு தாமாகவே கூட வந்தன. இதனை மாத்திரம் 8.1 என எண் குறித்து நிறுவியிருந்தோம். அது பழைய இலிகிதரோடு வீட்டுக்குப் போயிற்று. கட்டளை வரியிலே பி.எச்.பி.யின் துணைப்பொதிப் பட்டியலைக் கேட்டோம், அதில் எம்.பி.ஸ்ரிங் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. கட்டளை வரியில் விடை சொல்லும் பி.எச்.பி.யும், எவ்.பி.எம். என்னும் இலிகிதரும் தனித்தனி அமைவுக் கோப்புகளை உடையவர்கள். ஒருவரிடம் கேட்டு மற்றவரின் நிலை இதுவே என்று முடிவு கட்டலாகாது. எமது வழக்கில் இலிகிதரின் முறைப்பாடே பதிவேட்டில் இருந்ததால் ஐயத்துக்கு இடமில்லை. 8.3 இற்குரிய பொதியை நிறுவி, எவ்.பி.எம்.ஐ மீளத் தொடக்கினோம். பக்கம் திறந்தது. அகரம் முதலாகப் பெயர்கள் வரிசை வரிசையாய் வந்து நின்றன. மணி காலை எட்டே கால்.

பின்னர் அமைவுக் கோப்பிலே எண் சுட்டிய யன்னலுக்குப் பதிலாக, எப்பதிப்பு வந்தாலும் அதனையே சுட்டி நிற்கும் பொதுப்பெயர் யன்னலை எழுதி வைத்தோம். இன்னொரு நாள் இன்னொருவர் எமது நாற்காலியிலே இருந்து விடியற்காலையிற் கலங்கவேண்டியதில்லை.

ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தோம். பிழை எம்முடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம். பேர்த்தியார் நான்காம் முறையாகவும் அதனைத் தட்டச்சுச் செய்தார். இறுதி நேரத்தையும் மலர்க்குழுவினர் ஒருநாள் நீடித்தனர். பெரியவரின் விடுதி நினைவுகள் இம்மலரின் பிறிதொரு பக்கத்திலே உள்ளன. படிப்பவர் அப்பக்கத்தை இக்கட்டுரையினும் பெரிதும் விரும்புவர்.

மாணவனின் காரியம் அத்துணை எளிதாய் முடியவில்லை. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கும்போது நா தயங்கவில்லை. வாட்ஸ்அப் குழுவிலே மாணவனுக்கு எழுத முற்பட்டபோது விரல் தயங்கிற்று. தனியே அழைத்துச் சொல்லிவிட்டாற் போதாதா, ஆசிரியரின் மதிப்பு என்னாவது என்று மனம் வழக்காடியது. பலர் முன்னே ஏசியதைத் தனியே திரும்பப் பெறுதல் நீதியாகாதென்பது எமக்குத் தெரியும். ஆயினும் அதனைத் தெரிந்து எழுதி முடிக்க, வழங்கியைத் திருத்துவதற்குச் சென்ற நேரத்துக்குச் சற்றுக் குறையாத நேரம் சென்றது. பதிவேட்டின் நேரங்களையும் எமது தவறையும் ஒளியாது எழுதி, பிழை எம்முடையது, உன்னுடையதன்று என்று முடித்தோம். திங்கட்கிழமை வகுப்பிலும் அவன் தோழர் முன்னிலையில் அதனையே சொன்னோம்.

அவன் தலை குனிந்து நின்றான். "பரவாயில்லை, சேர்" என்றான். சிறிது பொறுத்து, "ஆனால் அந்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை" என்றான். அதிலே குறை கூறும் தொனி இல்லை. உண்மையைச் சொன்னான், அவ்வளவே. பின்பு, "அந்தப் பதிவேட்டை எப்படிப் பார்க்கிறது, சேர்?" என்று கேட்டான். வழங்கியின் பதிவேடுகளைப் படிக்கும் உரிமையுள்ள குழுவிலே அன்றே அவன் பெயரைச் சேர்த்தோம். அதன் பின் நேர்ந்த சிறு பழுதுகள் இரண்டினை எமக்கு முன்பே கண்டு சொன்னவன் அவனே.

மாணவச் செல்வங்களுக்கு ஆசிரியர் என்ற முறையில் சில சொல்லி அமைவோம். எந்தப் பொறி பழுதுற்றாலும் முதலில் அது எழுதி வைத்த பதிவை இறுதிவரை படியுங்கள். திறந்து கழற்றுதல் பின்னர். ஒருமுறையில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றுமுன் பிரதி எடுத்து வையுங்கள். பதிவேட்டிலுள்ள நேரம் எந்த நாட்டு மணிக்கூட்டு நேரம் என்பதைக் கேட்டறியுங்கள். இறுதியாகக் கைவைத்தவர் யார் என்று தேடும்போது உங்கள் கையையும் அக்கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடுகளிலே பிழை களைந்து பதிப்பித்த ஆறுமுக நாவலர் (1822 - 1879) நடமாடிய மண்ணிலே, பிழை பார்த்தல் என்பது புதிய கலையன்று. பிறர் எழுத்திலே பிழை காண எமக்குக் கலாசாலையிற் கற்பித்தார்கள். இருபது ஆண்டுகளாய்ச் சிவப்பு மையினால் அதனைச் செய்தும் வருகிறோம். எமது எழுத்திலே பிழை காணக் கற்பித்தவன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன்.

எமது கடன் யாதென்பது இப்போது விளங்கியிருக்கும். வாட்ஸ்அப்பிலே எழுதுவன ஒரு கிழமையில் மறைந்துபோம். கல்லூரி யூபிலி மலரோ நூல்நிலையத்திலே நெடுங்காலம் இருக்கும். ஒரு மாணவனின் நற்பெயர் இருக்கவேண்டிய இடம் அதுவே. அவன் விரும்பாமையால் அவன் பெயரை ஈண்டு எழுதவில்லை. இம்மலரைத் தொட்டுத் தடவிப் பார்க்கும் எமது மாணவர்களுள் அவனும் ஒருவனாய் இருப்பான். பழைய மாணவனாகி, அடுத்த யூபிலிக்கு எங்கிருந்தேனும் தன் நினைவுகளை அனுப்பும் நாளிலே, கல்லூரி வாயில் அவனுக்குத் தடையின்றித் திறப்பதாக.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!